மடமும் அரண்மனையும்: சில குறிப்புகள்

தமிழில் ராஜாக்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆட்சியைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. கல்கி 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதினார். பிறகு வந்த சரித்திரக் கதைக்காரர்கள் பெரும்பாலும் அதே குதிரையின் மேல் ஏறி வந்தவர்கள்தாம். சிம்மாசனம் யாருக்கு என்பது அந்தக் கதைகளின் பிரச்னை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன் மறுநாள் காலையில் என்ன செய்தான், நெல்லை யார் அளந்தார்கள், அளந்ததை யார் எழுதிவைத்தார்கள், எழுதியது தப்பென்று சொல்ல ஒரு குடியானவன் யாரிடம் போகலாம் என்பதெல்லாம் அங்கே விஷயமே ஆவதில்லை. மதத்தைப் பற்றி எழுதுகிறவர்களிடம் இதே குறை வேறு ரூபத்தில் இருக்கிறது. அவர்களுக்கு மதம் என்றால் பக்தி, அல்லது தத்துவம், எதிர்முகாமில் இருந்தால் மோசடி. கணக்குப்பிள்ளையும் பெட்டியடியும் களஞ்சியமுமாக நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவரும் ஓர் அரசாங்கம் அது என்று பார்த்தவர்கள் குறைவு.

காவேரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் குறை சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். இங்கே இரண்டு அரசாங்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தஞ்சாவூரில் அரண்மனை. கிழக்கே ரயிலில் போனால் ஆடுதுறை தாண்டித் திருவாவடுதுறை, மாயவரத்தை ஒட்டித் தருமபுரம், வடக்கே ஒதுங்கித் திருப்பனந்தாள். முதலிரண்டு ஆதீனங்களும் பதினாறாம் நூற்றாண்டில் தோன்றியவை. திருப்பனந்தாள் காசி மடம் 1720-ல் ஏற்பட்டது. ஆதீனங்கள் தோன்றிய பிறகு தஞ்சாவூரில் நாயக்கர்கள் போனார்கள், மராட்டியர்கள் வந்து போனார்கள், கம்பெனி வந்து போயிற்று. மடங்கள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் ஈசுவர கிருபை என்று ஒரு பதில் வரும், ஜனங்களின் அறியாமை என்று ஒரு பதில் வரும். இரண்டும் சோம்பேறிகளின் பதில். இரண்டையும் ஆட்சி முறைகளாக எதிரெதிரே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

நம் பாஷை இவற்றைப் பிரித்துப் பார்க்க அவ்வளவாக விடுவதில்லை. இறை என்றால் கடவுள். இறை என்றால் அரசன். இறை என்றால் வரி. கோயிலுக்கு வரி நீக்கி விட்ட நிலத்துக்கு இறையிலி என்று பெயர். இறைவனுடைய நிலத்துக்கு இறை இல்லை என்ற இந்தச் சிலேடையைச் செய்தவன் புலவன் இல்லை, வரிக் கணக்கு எழுதினவன். கட்டளை என்ற சொல் அரண்மனையிலிருந்து வந்தால் உத்தரவு, கோயிலிலிருந்து வந்தால் இன்ன பூஜைக்கு இன்ன நிலத்து வருமானம் என்ற ஏற்பாடு. மடத்துத் தலைவர் ஏறுவது பட்டம், அவருக்கு அடுத்து வரப்போகிறவர் சின்னப் பட்டம், அவர் அடியார்களுக்குக் காட்சி கொடுத்தால் அது கொலு. ஆனால் அவர் தனித்திருக்கும் இடத்துக்குப் பெயர் ஒடுக்கம். கொலுவும் ஒடுக்கமும் ஒரே ஆளுக்கு அமைந்திருப்பதில் இந்த அமைப்பின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. இன்னொரு சொல்லும் எனக்குப் பிடித்தமானது. மடத்தில் நிர்வாகம் பார்க்கும் தம்பிரானுக்குக் காறுபாறு என்று பெயர். அது மராட்டியரின் கார்பார். திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த ஒரு துறவி, தஞ்சாவூர்க் கச்சேரியின் உத்தியோகப் பெயரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறார்.

அரசாட்சி எங்கே உடைகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வாரிசில். 1855 அக்டோபரில் தஞ்சாவூரில் இரண்டாம் சிவாஜி ஆண் சந்ததி இல்லாமல் இறந்தார். பெயரளவில் மிஞ்சியிருந்த ராஜ்யத்தையும் அரண்மனைச் சொத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சிபாய் சாகிபா வழக்குப் போட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் 1859-ல் அதை மாற்றியது. ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் செய்த காரியம் இது, இதை விசாரிக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். இரண்டு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் நடந்த ஒரு வம்சத்தின் ஆட்சி, ஒரு பிள்ளை பிறக்காத காரணத்தால், விசாரணைக்குக்கூடத் தகுதியில்லாத விஷயமாயிற்று. சொத்தை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது 1862-ல். அது நீதியாகக் கிடைக்கவில்லை, தயவாகக் கிடைத்தது.

அதே சமயம் கிழக்கே, பிள்ளை பிறக்கவே கூடாது என்பதைச் சட்டமாக வைத்துக்கொண்டு ஒரு ஸ்தாபனம் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது. துறவறத்தை ஆன்மீக சாதனமாக மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அது ஓர் அரசியல் சட்டக் கண்டுபிடிப்பு. ரத்தத்தை வெட்டிவிட்டால் வாரிசுச் சண்டை பாதி போயிற்று. மீதிப் பாதிக்கு உலகத்தில் மூன்று விதமான வழிகள் தென்படுகின்றன. போப்பைக் கார்டினல்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தாலியின் நடுவே போப்பின் சொந்த ராஜ்யம் 1870 வரை அப்படித்தான் நடந்தது. திபெத்தில் தலாய் லாமா இறந்தால் குழந்தையைத் தேடுகிறார்கள். குழந்தை வளரும்வரை இன்னொருவர் ஆளவேண்டியிருப்பதால் அந்த இடைவெளியில் எல்லாச் சூழ்ச்சிக்கும் இடமுண்டு. நம் ஆதீனங்களின் வழி எளிது. இருக்கும்போதே ஒருவரைச் சின்னப் பட்டமாக நியமித்துவிடுவது. வங்கியில் கணக்குத் துவங்க வருகிறவரிடம் நாமினி யார் என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறேனே, அதே காரியம். மடங்களில் வாரிசு வழக்கே வந்ததில்லை என்று சொல்லவரவில்லை, வந்தது. ஆனால் அது கோர்ட்டுக்குப் போகக்கூடிய வழக்கு. நாட்டை எடுத்துக்கொள்ளும் வழக்கில்லை.

இப்போது ஒரு புத்தகம். இரண்டு ஆட்சிகளையும் பற்றித் தமிழில் உள்ள சிறந்த அரசியல் நூல் எது என்று கேட்டால் நான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைச் சொல்வேன். 1940-லிருந்து 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதைத் தமிழ்ப் பற்றின் காவியமாகவும், குரு பக்திக்கு உதாரணமாகவும் பாடப்புத்தகத்தில் வெட்டி வெட்டிப் போட்டு நாசம் செய்திருக்கிறோம். சிவாஜி மன்னர் இறந்த அதே 1855-ல், பிப்ரவரியில், சாமிநாதையர் பிறந்தார் என்பது தற்செயல்தான். ஆனால் புத்தகத்தை அந்தத் தேதியை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் அது வேறு புத்தகமாகிவிடுகிறது. ராஜா போனபின் ஒரு தேசத்தில் படிப்பும் சோறும் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு பையன் அலைந்து அலைந்து கண்டுபிடிக்கிற கதை.

அவர் தம் ஊர் எப்படி உண்டாயிற்று என்பதிலிருந்து தொடங்குகிறார். ஏகாதசியன்று ஒரு தஞ்சாவூர் ராஜா ஞாபகப் பிசகாகத் தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட்டார். பிராயச்சித்தமாக ஓர் அக்கிரகாரம் கட்டித் தானம் செய்யச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக இருபத்துநாலு கிணறுகள். உத்தமதானபுரம் ஆயிற்று. ஐயர் இதைச் சிரிக்காமல் சொல்கிறார். கேலி செய்வது அவர் சுபாவத்தில் இல்லை. ஆனால் ராஜ தர்மத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான சித்திரம் எனக்குக் கிடைத்ததில்லை. ராஜாவின் நாக்கில் ஒரு வெற்றிலை பட்டால் எங்கோ ஒரு கிராமம் உதிக்கிறது. நல்லதுதான். வெற்றிலை போடாதிருந்தால்? அந்த நிலத்தில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தது யார்? இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கதையில் இடம் கிடையாது. ராஜாவின் தானம் எப்போதும் ஒரு சம்பவம். நடந்தது, பெயர் வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

மடத்துக்கு வந்ததும் ஐயரின் நடையே மாறிவிடுகிறது. இங்கே சம்பவங்கள் கிடையாது, வழக்கங்கள் உண்டு. திருவாவடுதுறையில் 1869 முதல் 1888 வரை பட்டத்திலிருந்த சுப்பிரமணிய தேசிகர் எப்போது எழுந்திருப்பார், எப்போது பூஜை, எப்போது பாடம் கேட்க உட்காருவார், வந்த வித்துவானிடம் எதை விசாரிப்பார், தை மாதக் குருபூஜைக்கு எங்கெங்கிருந்து ஜனங்கள் வருவார்கள், யாருக்கு எந்தப் பந்தி என்று பக்கம் பக்கமாகப் போகிறது. சமையல்கட்டிலிருந்து சித்தாந்த சாஸ்திரம் வரை ஒரே இயந்திரம், அதன் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றுகின்றன. தேசிகர் நல்ல ரசிகர், தாராளமானவர், ஆட்களை நிறுக்கத் தெரிந்தவர். ஆனால் ஐயரின் வர்ணனையைக் கவனித்துப் படித்தால், அவர் அத்தனை நல்லவராக இல்லாதிருந்தாலும் அடுத்த நாள் அடுப்பு எரிந்திருக்கும் என்று தெரிகிறது. ராஜாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

ஐயர் சங்கப் பாடல்களைப் பதிப்பித்தபோது (புறநானூறு 1894) அந்தக் கால அரசர்கள் புலவர்களுக்குக் கொடுத்ததை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசிப்பதுண்டு. அவர் பிறந்த வருஷமே தஞ்சாவூர் அரியணை காலியாயிற்று. புலவனை எதிர்கொண்டு அழைத்து, பாட்டைக் கேட்டு, தலையசைத்து, சால்வை போர்த்துகிற ஓர் அரசனை அவர் கண்ணால் பார்த்ததெல்லாம் மொட்டைத் தலையும் காவித் துணியுமாக, திருவாவடுதுறையில். நம் மனசில் இருக்கும் சங்க கால வள்ளலின் முகத்தில் கொஞ்சம் சுப்பிரமணிய தேசிகரின் சாயல் உண்டு என்று நான் சந்தேகப்படுகிறேன். நிரூபிக்க வழியில்லாத சந்தேகம். இருந்தாலும் விடுவதாக இல்லை.

ஆனால் அந்த இயந்திரம் என்ன அரைத்தது? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அந்தாதிகளையும் வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்தார். ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் அந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு புராணம் வேண்டியிருந்தது. அபாரமான யாப்பு ஞானம், அபாரமான ஞாபக சக்தி, கடைசிவரை விடாத கடன். 1876-ல் இறந்துபோனார். அத்தனை சுவடிகள் இருந்த மடத்தில், அத்தனை பெரிய வித்துவானிடம், அத்தனை வருஷம் பாடம் கேட்ட சாமிநாதையருக்குச் சிந்தாமணி பாடமாகவில்லை. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பு கேட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. மடம் சுவடியைக் காப்பாற்றியிருந்தது. கேள்வியை மட்டும் காப்பாற்றவில்லை. அரண்மனையும் கேட்கவில்லை, மடமும் கேட்கவில்லை, மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு நியாயாதிபதி கேட்டார். அதே வருஷம் ஐயரும் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் காலேஜில் சம்பள உத்தியோகத்துக்குப் போனார். தேசிகருக்கு விட மனசில்லை, ஆனாலும் விட்டார். அந்த இடத்தில் எழுதியிருப்பதை நிதானமாகப் படிக்கவேண்டும். பெற்றவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போகிறவன் போல இருக்கிறது. ஓர் அரசாங்கத்திலிருந்து இன்னோர் அரசாங்கத்துக்குக் குடிபெயர்கிறவன் போலவும் இருக்கிறது.

இதற்கு மறுபக்கத்தில் சரபோஜி. 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டையும் மான்யமுமாக ஒதுங்கினவர். நாலு வருஷம் கழித்து, 1803-ல், போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை மராட்டியில் பெரிய கோயில் சுவரில் வெட்டிவைத்தார். ஆளுகிறவனுக்குச் சரித்திரம் எழுத நேரமிருக்காது போலும். அவர்மேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய 'சரபேந்திர பூபால குறவஞ்சி'யைப் பெரிய கோயிலில் நடித்தார்கள். நாடில்லாத ராஜாவின் மேல் நாயகி காதல்கொண்டு உருகுகிறாள், குறத்தி மலைவளம் நாட்டுவளம் பாடுகிறாள். தமிழில் இதைவிட சோகமான ஹாஸ்யம் குறைவு. ஆனால் கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் சரபோஜி உருப்படியான காரியங்களைச் செய்தார். சரஸ்வதி மகாலில் சுவடிகளும் ஐரோப்பியப் புத்தகங்களும் சேர்ந்தன, தேவநாகரி அச்சுக்கூடம் வந்தது, வைத்தியசாலை வந்தது, ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் வந்தது. நிலையான வருமானம், படிப்பு, அன்னதானம், ஆயுதமில்லாமை. கிட்டத்தட்ட மடாதிபதியாகவே ஆகிவிட்டார். குறை ஒன்றுதான். அவருக்குச் சின்னப் பட்டம் நியமிக்க வழியில்லை, பிள்ளைதான் பெறவேண்டியிருந்தது.

மத ஆட்சிக்கும் ராஜ ஆட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படி வாரிசில் மட்டும் வைத்து முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மிச்சப் பாதி கணக்கில் இருக்கிறது. இதற்கு ராஜராஜனிடம் போகவேண்டும். அவன் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளை ஒரு கவிஞன் படித்தால் என்ன காண்பானோ, வங்கிக் குமாஸ்தா படித்தால் ஒரு பேரேட்டைத்தான் காண்பான். நகைகள் எடையோடு, விளக்குகள் எண்ணிக்கையோடு, நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் வீட்டு வரிசையோடும் பெயரோடும், ஒவ்வொருத்திக்கும் வருஷம் நூறு கலம் நெல் பங்கு. இவற்றோடு கோயில் கடன் கொடுத்த கணக்கும். ஊர்ச் சபைகள் கோயிலிலிருந்து காசு வாங்கியிருக்கின்றன. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது பன்னிரண்டரை சதவிகிதம். இன்றைய பயிர்க்கடன் வட்டியைவிட அதிகம். இன்னொரு விசேஷம், அசலைத் திருப்ப வேண்டாம். சந்திர சூரியர் உள்ளளவும் வட்டி கட்டினால் போதும். இப்படி ஒரு கடன் பத்திரத்தை எங்கள் தலைமை அலுவலகம் கனவில்கூடத் தயாரிக்க முடியாது. எங்களுக்கு சூரியன் அஸ்தமித்தால் அன்றைய கணக்கு முடிந்தது.

கடன் கொடுத்தது யார் என்று பார்த்தால் ராஜா இல்லை, சிவனும் நேராக இல்லை. சண்டேசுவரர். கோயில் சொத்தின் கொடுக்கல் வாங்கல் அவர் பெயரில்தான் நடக்கும். பெரிய புராணத்தின்படி இவர் சேய்ஞலூரில் மாடு மேய்த்த பையன். மணலால் லிங்கம் பிடித்துப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தான். பால் குடத்தை உதைத்த தகப்பனின் காலை வெட்டினான். சிவன் அவனைத் தன் தொண்டர்களுக்கெல்லாம் தலைவனாக்கினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் செய்துவைத்த சிற்பத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிவன் உட்கார்ந்து, கீழே குனிந்திருக்கும் சண்டேசுவரர் தலையில் மாலை சுற்றுகிறார். தன் முடிசூட்டையே ராஜேந்திரன் அப்படிக் காட்டிக்கொண்டான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கு அங்கே தெரிவது வேறு. தகப்பனிடமிருந்து தன்னை வெட்டிக்கொண்ட ஒருவன் கடவுளின் சொத்துக்குக் காரியஸ்தனாகிறான். ஐந்நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஆதீனத்தின் சட்டம் முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லைச் செய்வித்ததோ வம்சத்தை நம்பின ஒரு ராஜா. சோழர்கள் முட்டாள்கள் இல்லை. தங்கள் பேரேட்டைத் தங்களைவிட நீண்ட ஆயுள் உள்ள ஒருவர் பெயரில் எழுதிவைத்தார்கள். பேரேடு பிழைத்தது, சோழர்கள் போனார்கள்.

கம்பெனியும் அதற்குப் பின் வந்தவர்களும் அந்தப் பேரேட்டின் முன்னால் திணறின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1817-ல் சென்னை ரெகுலேஷன் போட்டு அறக்கட்டளைகளை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தார்கள். கிறிஸ்துவ அரசு விக்கிரகக் கணக்குப் பார்ப்பதா என்று மிஷனரிகள் கூச்சலிட, 1840-களில் கையை உதறினார்கள். பல கோயில்கள் மடங்களின் கைக்கு வந்தன. 1863-ல் ஒரு சட்டம், 1927-ல் ஒரு சட்டம், 1951-ல் ஒன்று. அதில் சில பிரிவுகளை 1954-ல் சீரூர் மடம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. பிறகு 1959-ல் ஒன்று. இதற்குள் இந்தியச் சட்டம் கடவுளை நிரந்தர மைனராக ஆக்கியிருந்தது. மைனர் கணக்கு ஒன்று பதினெட்டு வயதில் மேஜராகும், அப்போது கார்டியன் ஒதுங்கவேண்டும். இந்த மைனருக்கு வயதாவதேயில்லை. கோயில் நிலத்தை எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் காலவரம்பைக் காட்டிச் சொந்தம் கொண்டாட முடியாது.

இது நல்லதா, கெட்டதா? பொது நலத்தின் பார்வையில் நல்லது என்று சொல்லிவிடலாம். ராஜாக்கள் விட்ட மான்யங்கள் எத்தனையோ கரைந்துபோயின. தெய்வத்தின் பேரில் எழுதினது மிஞ்சியது. நிர்வாகமாக எடுத்துக்கொண்டால் மடமே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். அரசனின் தோல்விகள் பெரியவை, திடீரென்று வருபவை. 1781-ல் ஹைதர் படை வந்தபோது தஞ்சாவூர்ச் சீமை சூறையானது, ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். மடத்தின் ஆட்சியில் அப்படியொரு பிரளயம் கிடையாது. ஆனால் ராஜா செத்தால் ஓர் இடைவெளி உண்டு. கணக்கு தொலையும், புது ராஜா பழைய பாக்கியைத் தள்ளுவான், பட்டாபிஷேகத்தில் சிறைக் கதவு திறக்கும். மனுநீதிச் சோழனிடம் ஒரு பசு போய் மணியடிக்கலாம், அவனும் தன் பிள்ளைமேல் தேரை ஓட்டுவான். அது பயங்கரம். ஆனாலும் அங்கே குற்றவாளி என்று ஒருவன் இருக்கிறான், தண்டனை என்று ஒன்று இருக்கிறது. நிரந்தர மைனரின் பெயரில் நடக்கும் ஆட்சியில் யார்மேல் தேரை ஓட்டுவது? காரியஸ்தர் கார்டியனுக்கு ஊழியம் செய்கிறார், கார்டியன் கடவுளுக்கு ஊழியம் செய்கிறார். எல்லோரும் அடியார்கள். ஆள்கிறவன் என்று ஒருவனும் இல்லை.

பல்லவன் ஆள் அனுப்பியபோது அப்பர் வர மறுத்தார். தாம் யாருக்கும் குடி அல்ல என்று பாடினார். சைவத்தின் அரசியல் அங்கே தொடங்குகிறது என்று எல்லாப் பேச்சாளர்களும் மேடையில் முழங்குகிறார்கள், நியாயம்தான். ஆனால் அரசனைப் பார்த்து வரமாட்டேன் என்று சொல்லும் வலிமையைக் கொடுத்த அதே கடவுள் நிலச்சுவான்தாராக ஆகிவிட்ட பிறகு, வரமாட்டேன் என்று எந்தக் கடவுளின் பலத்தில் சொல்வது? இந்தக் கேள்வியைத் தேவாரம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அப்போது இல்லை.

சின்னங்களில் நாம் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் தங்கச் செங்கோல் ஒன்று கொடுக்கப்பட்டது. பிறகு அது அலகாபாத் மியூசியத்தில் இருந்தது. 2023 மே 28 அன்று டில்லியில் புதிய பார்லிமெண்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அது அதிகார மாற்றத்தின் சின்னமா வெறும் பரிசா என்று பத்திரிகைகளில் அடித்துக்கொண்டார்கள். செங்கோல் மடத்தின் கருவியே இல்லை என்பதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மடம் கோலால் ஆண்டதில்லை, ஏட்டால் ஆண்டது. தன்னிடம் இல்லாத ஒன்றை, குடியரசாகப் போகிற ஒரு தேசத்துப் பிரதமருக்கு, அவருக்கும் தேவைப்படாத ஒன்றை, கொடுத்திருக்கிறது. அதற்கு முந்தின வருஷம், 2022 மே மாதத்தில், தருமபுரத்தில் பட்டினப் பிரவேசம் பற்றி ரகளை. குருவை மனிதர்கள் பல்லக்கில் சுமக்கலாமா என்று ஆட்சேபணை வந்து, முதலில் தடை போட்டார்கள், பிறகு விலக்கினார்கள், பல்லக்குப் போயிற்று. சுமப்பவர்கள் விருப்பப்பட்டுச் சுமக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. மனிதனை மனிதன் சுமப்பது இழிவு என்றது மறு கட்சி. ராஜாவின் பல்லக்கை அப்படியே எடுத்து குருவுக்கு வைத்துக்கொண்டதுதானே அது. வருஷத்துக்கு ஓர் இரவு. மற்ற நாட்களின் சுமையைப் பற்றி இரண்டு கட்சியும் பேசவில்லை.

அந்தச் சுமை நெல்லில் இருந்தது. 1952-ல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1956-ன் நியாய வாரச் சட்டம் நஞ்சையில் உடையவருக்கு நூற்றுக்கு நாற்பது என்று வைத்தது, 1980-ல் அது இருபத்தைந்தாயிற்று. 1961-ல் நில உச்சவரம்பு வந்தபோது முப்பது ஸ்டாண்டர்ட் ஏக்கருக்கு மேல் ஆருக்கும் கிடையாது என்றார்கள். சமயப் பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு. மிராசுதார்களின் ராஜ்யம் காகிதத்திலாவது உடைந்தது. இறையிலி மறுபடியும் இறையிலியாகவே நின்றது.

வங்கியில் பயிர்க்கடன் மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது சிட்டாவில் உரிமையாளர் பெயரைப் படிக்கவேண்டியிருக்கிறது. சில சிட்டாக்களில் ஏதோ ஒரு சுவாமியின் பெயர் இருக்கும். எதிரே நிற்பவர் மூன்று தலைமுறையாக உழுகிறவர். "ஒத்திக்கு ஒன்றும் இல்லீங்களா?" என்று கேட்டால், "சாமி நெலங்க" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரிச் சொல்வார். நிலத்தைப் பிணையாக வாங்க முடியாது, சாமி கையெழுத்துப் போடாது.

இந்த நிலைமையைத் தமிழில் பார்த்துவிட்ட ஒரே எழுத்தாளர் என்று நான் கருதுவது கோபாலகிருஷ்ண பாரதியை. மாயவரத்துப் பக்கத்துக்காரர். சேக்கிழார், மரபு சொல்கிறபடி, ஒரு சோழ மந்திரி. அவருடைய திருநாளைப்போவார் புராணத்தில் ஆண்டான் கிடையாது. நந்தனாருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பிறப்பு ஒன்றே தடை. மந்திரியின் கண்ணுக்கு நிலம் தெரியவில்லை. எழுநூறு வருஷம் கழித்து பாரதி, மூலத்தில் இல்லாத வேதியர் ஒருவரை, நந்தனின் ஆண்டையாக, ஆதனூரில் கொண்டுவந்து வைக்கிறார். சுப்பிரமணிய தேசிகரின் வித்துவானான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்தக் கீர்த்தனையின் இலக்கணப் பிழைகள் கண்ணில் பட்டன, சிறப்புப் பாயிரம் கொடுக்க முதலில் தயங்கினார். பாரதி அதில் சேர்த்திருந்தது என்ன என்பது மடத்து வாசிப்பில் அகப்படவில்லை போலிருக்கிறது. சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம் வேதியர் சொல்கிறார், நாற்பது வேலியையும் சாகுபடி செய்து முடித்துவிட்டுப் போ. அன்று இரவு சிவபெருமானின் பூதகணங்கள் வந்து உழுது, நட்டு, பயிராக்கிவிடுகின்றன. பொழுது விடியும்போது கதிர் சாய்ந்து நிற்கிறது.

கதாகாலட்சேபத்தில் இந்த இடத்தில் ஜனங்கள் கைதட்டுவார்கள். வேதியர் நந்தன் காலில் விழுவதும் உண்டு. பூதங்கள் நாற்பது வேலியை நந்தன் பேருக்கு மாற்றவில்லை, நிபந்தனையை ரத்து செய்யவும் இல்லை. கடவுள் தம் ஆட்களை அனுப்பி ஒரு ராத்திரிக்குப் பண்ணை வேலை செய்யவைத்து, ஆண்டை கேட்டதைக் கேட்டபடி ஒப்படைத்தார். நந்தன் சிதம்பரத்துக்குப் போனான். அந்த வருஷத்துக் கண்டுமுதல் யார் களஞ்சியத்தில் அளக்கப்பட்டது என்பதற்கு பாரதி கீர்த்தனை எழுதவில்லை.